அத்தியாயம் 7: செஷனுக்குள் பிரிண்டர் ‘ஒஃப்லைன்’ என்று நின்றால்

மேசை ஈச்சிலம்பற்றில் இருக்கிறது. கணக்கு மென்பொருள் திருகோணமலையிலோ கொழும்பிலோ உள்ள தலைமையகக் கணினியில் ஓடுகிறது. ரிமோட் டெஸ்க்டொப் வழியாக அதற்குள் நுழைந்து விலைச்சிட்டை போடுகிறீர்கள். தாள் மட்டும் உங்கள் பக்கத்தில் இருக்கும் பிரிண்டரில் வரவேண்டும். காலையில் ஒழுங்காக வருகிறது. மதியம் பார்த்தால் பிரிண்டரின் படம் சாம்பல் நிறமாகி ‘ஒஃப்லைன்’ என்று நிற்கிறது. பற்றுச்சீட்டுக்காக ஆள் காத்து நிற்கிறார்.

பழுதுபார்ப்பவரைக் கூப்பிட்டால் மூதூரிலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ வரவேண்டும். அன்றைய நாள் போய்விடும். அவர் வந்து செய்யும் வேலையில் பெரும்பகுதியை நீங்களே செய்யலாம், வரிசை தவறாமல் செய்தால் போதும். இந்த அத்தியாயம் அந்த வரிசைக்காகத்தான்.

இங்கே ‘உங்கள் கணினி’ என்றால் உங்கள் மேசையில் இருப்பது. ‘தூரக் கணினி’ என்றால் செஷனுக்குள், அதாவது ரிமோட் டெஸ்க்டொப் சாளரத்துக்குள், தெரிவது. மெனுப் பெயர்கள் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஆங்கிலத்தில் இருப்பவை. உச்சரிப்பைத் தமிழில் தந்திருக்கிறேன்.

எந்தப் பக்கம் அறுந்தது?

செஷனில் அச்சிடும்போது வேலை இரண்டு கட்டமாகப் பயணப்படுகிறது. தூரக் கணினியிலிருந்து இணையம் வழியாக உங்கள் கணினிக்கு வருவது முதற்கட்டம். உங்கள் கணினியிலிருந்து யுஎஸ்பி கேபிளிலோ வைஃபையிலோ பிரிண்டருக்குப் போவது இரண்டாம் கட்டம். எந்தக் கட்டம் அறுந்தாலும் திரையில் தெரிவது ‘ஒஃப்லைன்’ என்ற ஒரே சொல்தான். அதைக் கண்டதும் டிரைவரை அழித்துவிட்டு மீண்டும் போடத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. நன்றாக இருந்த கட்டமும் அதோடு குழம்பிவிடும். கிட்ட இருப்பதிலிருந்து தொடங்குங்கள்.

1. செஷன் சாளரத்தைச் சிறிதாக்கி உங்கள் கணினியின் திரைக்கு வாருங்கள். செஷனை மூட வேண்டாம்.

2. உங்கள் கணினியில் நோட்பேட் திறந்து ஒரு வரி எழுதி அச்சிடுங்கள்.

3. தாள் வந்தால் பிரிண்டரும் கேபிளும் நலம். பிழை செஷன் பக்கம். கீழே ‘செஷன் பக்கத்துப் பிழைகள்’ பகுதிக்குப் போங்கள்.

4. தாள் வராவிட்டால் செஷனை மறந்துவிடுங்கள். தலைமையகத்துக்கு அழைப்பு எடுக்கவும் வேண்டாம். அடுத்த பகுதியைத் தொடருங்கள்.

குறிப்பு: ஒஃப்லைன் என்று தெரிந்ததும் ‘பிரிண்ட்’ பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தலும் வரிசையில் போய் நிற்கும். தொடர்பு திரும்பியதும் அத்தனை பிரதியும் ஒன்றாக வெளியே வரும். சம்பளச் சீட்டோ அடையாள அட்டை இலக்கம் உள்ள படிவமோ இப்படிப் பத்துப் பிரதியாகி, ஆளில்லாத நேரத்தில் தட்டில் கிடப்பது தாள் வீணாவதைவிடப் பெரிய பிரச்சினை. பழுது பார்க்கத் தொடங்குமுன் இரண்டு கணினியிலும் வரிசையில் நிற்பவற்றை நீக்கிவிடுங்கள்.

உங்கள் பக்கத்துப் பிழைகள்

முதலில் சின்ன விஷயங்கள்: பிரிண்டரின் திரையிலோ விளக்கிலோ தாள் சிக்கல், மை முடிவு என்று ஏதாவது காட்டுகிறதா பாருங்கள். விண்டோஸ் 10 என்றால் பிரிண்டரின் வரிசைச் சாளரத்தில் ‘பிரிண்டர்’ மெனுவைத் திறந்து ‘யூஸ் பிரிண்டர் ஒஃப்லைன்’ என்பதில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 11இன் புதிய சாளரத்தில் இந்த வரி கண்ணில் படாவிட்டால் தேடி நேரம் கழிக்காமல் அடுத்ததற்குப் போங்கள்.

யுஎஸ்பி கேபிளில் இருந்தால்:

1. ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பட்டியலைத் திறவுங்கள். ஒரே பிரிண்டரின் பெயர் இரண்டு முறை, இரண்டாவது ‘கொப்பி 1’ என்ற வாலோடு, இருக்கிறதா? இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மேசையைத் துடைக்கும்போதோ நகர்த்தும்போதோ கேபிளைக் கழற்றி வேறு யுஎஸ்பி வாயில் குத்தியிருப்பீர்கள். விண்டோஸ் அதைப் புதிய பிரிண்டராக எடுத்துக்கொள்ளும். பழைய பெயர் ஒஃப்லைனாகவே நிற்கும். செஷன் அந்தப் பழைய பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

2. கேபிளைப் பழைய வாயிலேயே குத்துங்கள். பழைய பெயர் உயிர்பெற்றதும் ‘கொப்பி 1’ஐ நீக்கிவிடுங்கள். அந்த வாய்க்குப் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி ‘பிரிண்டர்’ என்று எழுதி வைப்பது நல்லது.

3. சற்று நேரம் சும்மா விட்டபின் மட்டும் ஒஃப்லைன் ஆகிறதென்றால் கணினி மின்சாரத்தைச் சேமிக்க யுஎஸ்பியை உறங்கவைக்கிறது. ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘யுஎஸ்பி ரூட் ஹப்’ ஒவ்வொன்றின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலிலும் மின்சாரம் மிச்சம்பிடிக்க இந்தச் சாதனத்தை நிறுத்தலாம் என்ற வரியின் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். லப்டொப்பில் இது அடிக்கடி நடக்கும்.

வைஃபையில் இருந்தால்:

எங்கள் பக்கத்தில் அதிகம் காணும் பிழை இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ரவுட்டர் தன்னோடு சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் ஐபி முகவரி கொடுக்கிறது. அது நிரந்தர முகவரி அல்ல. மின்சாரம் போய் வந்து ரவுட்டர் புதிதாகத் தொடங்கும்போது யார் முதலில் வந்து கேட்கிறாரோ அவருக்கு ஓர் இலக்கம். நேற்று 192.168.8.101 இல் இருந்த பிரிண்டர் இன்று 192.168.8.104 இல் இருக்கலாம். 101இல் இப்போது யாரோ ஒருவருடைய கைப்பேசி இருக்கும். கணினி பழைய இலக்கத்தைத் தட்டிப் பார்த்து, பதில் இல்லாததால் ஒஃப்லைன் என்கிறது. பிரிண்டரை அணைத்துப் போட்டால் சில வேளை சரியாகும், அடுத்த மின்வெட்டில் திரும்பவும் வரும். முகவரியை நிலைப்படுத்தாமல் இது தீராது.

1. பிரிண்டரின் மெனுவிலிருந்து அதன் நெட்வேர்க் அமைப்புப் பக்கத்தை அச்சிடுங்கள். அதில் ஐபி முகவரியும், இரண்டிரண்டு எழுத்துகளாகப் பிரித்து எழுதிய மேக் முகவரியும் இருக்கும். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் பிரிண்டருக்கு ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. முதலில் வைஃபை கடவுச்சொல்லைத் திரும்பக் கொடுங்கள்.

2. உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் திறவுங்கள். பெரும்பாலும் 192.168.8.1 அல்லது 192.168.1.1, சரியான இலக்கமும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும்.

3. டிஎச்சிபி பகுதியில் முகவரி ஒதுக்கும் இடத்தைத் தேடி, பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஓர் இலக்கத்தை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பிறகு பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். அமைப்புப் பக்கத்தை இன்னொரு முறை அச்சிட்டு, புதிய இலக்கம் விழுந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

4. உங்கள் கணினியில் பிரிண்டரின் ‘பிரிண்டர் ப்ரொப்பர்டீஸ்’ திறந்து ‘போர்ட்ஸ்’ தாவலைப் பாருங்கள். அடையாளம் இட்ட வரி ‘டபிள்யூஎஸ்டி’ என்று தொடங்குகிறதா? விண்டோஸ் தானாகப் பிரிண்டரைக் கண்டுபிடித்தபோது போட்ட போர்ட் அது. பிரிண்டர் உறங்கி எழும்போது அடிக்கடி தொடர்பை இழக்கும். அதே தாவலில் ‘ஆட் போர்ட்’ அழுத்தி, ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’ தெரிவுசெய்து, நீங்கள் ஒதுக்கிய இலக்கத்தைக் கொடுங்கள்.

5. நோட்பேட் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு பிரிண்டரை அரை மணி நேரம் சும்மா விட்டு, அது உறங்கியபின் இன்னொரு முறை அச்சிட்டுப் பாருங்கள். இந்த இரண்டாவது சோதனையைத் தவிர்க்காதீர்கள். உடனே வரும் தாள் எதையும் நிரூபிக்காது.

குறிப்பு: விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு வேறு பெயர் வைத்தால் குழப்பம் வராது. விருந்தினர் வைஃபையில் பிரிண்டரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருக்கும் சாதனங்கள் ஒன்றையொன்று காணாதபடி ரவுட்டர் மறைத்துவிடும்.

செஷன் பக்கத்துப் பிழைகள்

நோட்பேட் தாள் வந்தும் செஷனில் வராதபோது இந்த வரிசை.

1. செஷனில் வேலையைச் சேமித்துவிட்டு, உள்ளே ஸ்டார்ட் மெனுவுக்குப் போய் ‘சைன் அவுட்’ கொடுங்கள். மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்துவது சைன் அவுட் ஆகாது. அது சாளரத்தை மட்டும் மூடுகிறது. உங்கள் செஷன் அங்கே திறந்தபடியே கிடக்கிறது, காலையில் கொண்டுபோன பிரிண்டரும் சில வேளை அதோடு கிடக்கலாம். இணையம் அறுந்து சேர்ந்தபின் ஒஃப்லைனாகத் தெரிவது இந்தப் பழைய பிரிண்டராக இருக்கலாம். மாலையில் வீட்டுக்குப் போகுமுன் சைன் அவுட் செய்யும் பழக்கம் ஒன்றே பாதித் தொல்லையைக் குறைக்கும்.

2. ஸ்டார்ட் மெனுவில் எம், எஸ், டி, எஸ், சி (mstsc) என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டி ரிமோட் டெஸ்க்டொப் இணைப்பைத் திறவுங்கள். ‘ஷோ ஒப்ஷன்ஸ்’, பிறகு ‘லோக்கல் ரிசோர்சஸ்’ தாவல். ‘பிரிண்டர்ஸ்’ பெட்டியில் சரி அடையாளம் இருக்கவேண்டும். டெஸ்க்டொப்பில் சேமித்து வைத்த இணைப்புக் கோப்பை அழுத்தித்தான் தினமும் நுழைகிறீர்கள் என்றால், அந்தக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘எடிட்’ கொடுத்து அங்கே மாற்றிச் சேமியுங்கள். வெறும் சாளரத்தில் மாற்றிவிட்டுப் பழைய கோப்பால் நுழைவதால்தான் பலருக்கு ‘டிக் போட்டும் வரவில்லை’ என்ற கதை.

3. பிரிண்டரை முதலில் போடுங்கள், அது தயாரானபின் செஷனைத் திறவுங்கள்.

4. செஷனுக்குள் பிரிண்டர் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பிரிண்டரின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘ரீடைரெக்டட்’ என்ற சொல்லும் ஓர் இலக்கமும் இருக்கும். அந்த இலக்கம் செஷனின் இலக்கம். இன்றைக்கு 3, நாளைக்கு 5 ஆகலாம். இதைக் கவனித்தவர்கள் குறைவு. கணக்கு மென்பொருளின் அமைப்பில் யாரோ ஒருநாள் ‘ரீடைரெக்டட் 3’ஐத் தெரிவுசெய்து சேமித்திருப்பார். மறுநாள் 3 என்று யாருமில்லை. மென்பொருள் பிரிண்டர் கிடைக்கவில்லை என்கிறது. நோட்பேட் போன்ற வேறு நிரலிலிருந்து செஷனுக்குள்ளேயே அச்சு வந்து, கணக்கு மென்பொருளில் மட்டும் வராவிட்டால் இதையே சந்தேகியுங்கள். மென்பொருளின் அமைப்பில் குறிப்பிட்ட பிரிண்டரின் பெயருக்குப் பதிலாக ‘டிபோல்ட் பிரிண்டர்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

5. அது வேலைசெய்ய உங்கள் கணினியின் டிபோல்ட் பிரிண்டரும் நிலையாக இருக்கவேண்டும். ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பக்கத்தில், டிபோல்ட் பிரிண்டரை விண்டோஸே கவனித்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் ஒரு விசை இருக்கும். அதை அணைத்துவிட்டு உங்கள் பிரிண்டரை நீங்களே டிபோல்ட் ஆக்குங்கள். விசை திறந்திருந்தால் கடைசியாக அச்சிட்ட பிரிண்டருக்கு விண்டோஸ் தாவிவிடும். ஒருமுறை பிடிஎஃப் எடுத்தாலே விலைச்சிட்டை வழிமாறிவிடும்.

6. இணைப்புச் சாளரத்தின் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ தாவலில், தொடர்பு அறுந்தால் மீண்டும் சேரச் சொல்லும் பெட்டியில் அடையாளம் இடுங்கள். 4ஜி சிக்னல் தளும்பும் இடங்களில் இது உதவும்.

இவ்வளவும் செய்து பிரிண்டர் செஷனுக்குள் தெரியவே இல்லை என்றால் உங்கள் கையில் சாவி இல்லை. தூரக் கணினியில் பிரிண்டர்களை ஏற்கக்கூடாது என்ற விதி போட்டிருக்கலாம், அல்லது டிரைவர் பொருந்தாமல் இருக்கலாம். 2021 ஜூலையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபின், அந்த ஆண்டு ஓகஸ்ட் மேம்படுத்தலோடு, பிரிண்டர் டிரைவர் போடும் உரிமையை விண்டோஸ் நிர்வாகிகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. அதனால் செஷனுக்குள் நீங்கள் டிரைவர் போட முயல்வது வீண். விண்டோஸ் சேர்வர் 2008 முதல் இருக்கும் ‘ஈஸி பிரிண்ட்’ என்ற வசதி இதற்கென்றே உள்ளது: தூரக் கணினியில் உங்கள் பிரிண்டரின் டிரைவர் தேவையில்லை, உங்கள் கணினியில் இருந்தால் போதும். அதை முன்னுரிமையாக்கச் சொல்லி நிர்வாகியைக் கேளுங்கள்.

விபிஎன் வழியாக நேரே அச்சிடுபவர்கள்

சில அலுவலகங்களில் தூரக் கணினி உங்கள் பிரிண்டரின் ஐபி முகவரிக்கு விபிஎன் (இரு அலுவலக வலைகளையும் இணையத்தினூடே சேர்க்கும் பாதுகாப்பான தடம்) வழியாக நேரே அனுப்பும். அங்கே பட்டியலில் ‘ரீடைரெக்டட்’ என்ற சொல் இருக்காது. விபிஎன் அறுந்தால் பிரிண்டரும் அறும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் தாள் ஒழுங்காக வந்தபடியே திரையில் மட்டும் ஒஃப்லைன் என்று காட்டினால் எஸ்என்எம்பி என்ற விசாரிப்பு முறைதான் காரணமாக இருக்கக்கூடும். தூரக் கணினியில் அந்தப் பிரிண்டரின் ‘போர்ட்ஸ்’ தாவல், ‘கொன்ஃபிகர் போர்ட்’, அதில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்’ அடையாளத்தை எடுக்கவேண்டும். இது நிர்வாகியின் வேலை.

ஸ்பூலர் சிக்கினால்

வரிசையில் நிற்கும் ஒரு வேலையை நீக்கச் சொல்லியும் ‘டிலீட்டிங்’ என்றே நிற்கிறதா? அச்சு வரிசையை நடத்தும் ஸ்பூலர் சிக்கிவிட்டது. உங்கள் கணினியில்:

1. ஸ்டார்ட் மெனுவில் ‘சேர்விசஸ்’ தேடித் திறவுங்கள்.

2. ‘பிரிண்ட் ஸ்பூலர்’ மேல் வலது கிளிக், ‘ஸ்டொப்’.

3. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற கோப்புறைக்குள் போய் உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். கோப்புறையை அழிக்க வேண்டாம்.

4. ‘பிரிண்ட் ஸ்பூலர்’ஐ மீண்டும் ‘ஸ்டார்ட்’ செய்யுங்கள்.

தூரக் கணினியில் இதை வேலை நேரத்தில் செய்யவே கூடாது, உரிமை இருந்தாலும். ஒரே சேர்வரில் பல கிளைகள் இருக்கும். நீங்கள் ஸ்பூலரை நிறுத்தினால் எல்லோருடைய அச்சும் நிற்கும். கோப்புகளை அழித்தால் மற்றவர்களின் விலைச்சிட்டைகளும் போய்விடும்.

பாதுகாப்பு

‘இணைப்பு இலகுவாக வரும்’ என்று யாராவது சொன்னதற்காக ரவுட்டரில் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் முதலில் தட்டிப் பார்க்கும் கதவுகளில் அது ஒன்று. வெளியிலிருந்து நுழைவது எப்போதும் விபிஎன் வழியாகவோ தலைமையகம் தரும் நுழைவாயில் வழியாகவோ இருக்கட்டும். இணையத்தில் தேடும்போது முன்னால் வந்து நிற்கும் ‘டிரைவர் புதுப்பிக்கும்’ மென்பொருள்களையும் தொடாதீர்கள்; டிரைவர் வேண்டுமென்றால் பிரிண்டர் தயாரித்தவரின் தளத்திலிருந்து மட்டும்.

பிரிண்டரைத் திறப்பதென்றால் அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டுத் திறவுங்கள். லேசர் பிரிண்டரில் மையைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளை சுமார் 200 பாகை செல்சியஸ் வரை சூடேறும். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்சில் குத்தாதீர்கள். அந்த உருளை சூடேறும் கணத்தில் இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காமல் கணினியையும் சேர்த்து அணைத்துவிடும். ரவுட்டரையும் கணினியையும் மட்டும் யுபிஎஸ்சில் வையுங்கள். ரவுட்டர் அணையாமல் இருந்தாலே முகவரி மாறும் தொல்லை பாதி குறையும்.

ஒக்டோபர் தொடங்கினால் இடிமின்னல். இடி தொடங்குமுன்பே பிளக்குகளைக் கழற்றுவது நல்லது, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மாரியில் வெருகல் ஆறு பெருகினால் தண்ணீர் தரைக்கு வரக்கூடிய கட்டிடங்களில் எக்ஸ்டென்ஷன் பலகையும் யுபிஎஸ்சும் தரையில் கிடக்கக்கூடாது. பலகையை மேசை உயரத்தில் ஆணியடித்து மாட்டுங்கள், யுபிஎஸ்சை மேசைமேல் வையுங்கள். நனைந்த பிளக்கைத் தொடுமுன் மெயின் சுவிட்சை இறக்குங்கள்.

மின்சாரம் போய் வந்தபின் போடும் வரிசை

1. ரவுட்டர். விளக்குகள் நிலைக்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள்.

2. பிரிண்டர். தயாராகி அடங்கட்டும்.

3. கணினி. நோட்பேட்டில் ஒரு வரி அச்சிடுங்கள்.

4. விபிஎன் இருந்தால் அது.

5. கடைசியாகச் செஷன்.

எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் போட்டுவிட்டு செஷனைத் திறந்தால் பிரிண்டர் முகவரி கிடைக்காமலே நிற்கும். இந்த ஐந்து வரியையும் தாளில் எழுதிப் பிரிண்டருக்கு மேல் சுவரில் ஒட்டுங்கள். விடுமுறையில் உங்களுக்குப் பதிலாக வருபவருக்கும் உதவும்.

ஆள் காத்து நிற்கும்போது

பழுது பிறகு பார்க்கலாம், தாள் இப்போது வேண்டும் என்றால்:

1. இணைப்புச் சாளரத்தின் ‘லோக்கல் ரிசோர்சஸ்’ தாவலில் ‘மோர்’ அழுத்தி, உங்கள் கணினியின் ஒரு டிரைவையும் சேர்த்துக்கொண்டு நுழையுங்கள். தலைமையகம் இதற்கு அனுமதித்திருக்க வேண்டும்.

2. செஷனில் ‘மைக்ரோசொஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ தெரிவுசெய்து அச்சிடுங்கள். சேமிக்கும் இடமாக உங்கள் டிரைவைக் காட்டுங்கள். அது ‘திஸ் பிசி’க்குள் உங்கள் கணினியின் பெயரோடு தெரியும்.

3. உங்கள் கணினிக்கு வந்து அந்தக் கோப்பைத் திறந்து அச்சிடுங்கள்.

4. ஆள் போனதும் கோப்பை அழித்துவிடுங்கள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள கோப்புகள் டெஸ்க்டொப்பில் குவிவது நல்லதல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

சிக்னல் மெலிந்த நாட்களில் இதையே முதல் வழியாக்கலாம். படங்கள் நிறைந்த ஆவணம் செஷன் வழியாக அச்சுக்கு வரும்போது பருத்துவிடும். நடுவில் தொடர்பு அறுந்தால் அரைத் தாள்தான் மிச்சம். பிடிஎஃப் கோப்பு முழுதாக வந்து சேர்ந்தபின்தான் அச்சுக்குப் போகிறது.

நிர்வாகிக்கு எழுதும்போது

‘பிரிண்டர் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் அனுப்பினால் திரும்பக் கேள்விகள் வரும், அரை நாள் போகும். இப்படி அனுப்புங்கள்:

“வணக்கம் சேர். ஈச்சிலம்பற்றுக் கிளை. காலை 10.20 முதல் செஷனில் பிரிண்டர் ஒஃப்லைன். எங்கள் கணினியில் நோட்பேட்டிலிருந்து அச்சு வருகிறது. சைன் அவுட் செய்து திரும்ப நுழைந்து பார்த்தோம். இணைப்பில் பிரிண்டர்ஸ் பெட்டிக்கு டிக் இருக்கிறது. செஷனில் ‘ரீடைரெக்டட்’ பெயர் தெரியவில்லை. பிரிண்டரின் மாதிரி இலக்கமும் எங்கள் விண்டோஸ் பதிப்பும் படத்தில் இருக்கின்றன. பிரிண்டர் ரீடைரெக்ஷன் விதி, ஈஸி பிரிண்ட் முன்னுரிமை, யூசர்மோட் போர்ட் ரீடைரெக்டர் சேவை மூன்றையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். நிகழ்வுப் பதிவில் 1111 இருக்கிறதா என்றும் பாருங்கள் சேர்.”

1111 என்பது டிரைவர் பொருந்தாதபோது தூரக் கணினி தன் பதிவேட்டில் எழுதும் இலக்கம். அது இருந்தால் நிர்வாகிக்கு வேலை எங்கே என்று உடனே தெரியும். நேரத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள். பதிவேட்டை அவர் நேரத்தை வைத்துத்தான் தேடுவார். அவர் பார்த்துச் சரிசெய்யும்வரை பிடிஎஃப் வழியில் வேலையை நடத்துங்கள். சரி என்று அவர் சொன்னதும் சைன் அவுட் செய்து புதிதாக நுழைந்து, முதலில் வரிசையைக் காலிசெய்துவிட்டு, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள்.